அலுவலகக் கணக்குக்கு இரண்டாம் படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகக் கணக்குகளுக்கு இரண்டாம் படி கட்டாயம் என்ற சுற்றறிக்கை போன நாளிலிருந்து, தொழில்நுட்பப் பிரிவிலுள்ள என் மேசைத் தொலைபேசி ஓயவில்லை. திருகோணமலை நகரிலுள்ள எங்கள் தலைமை அலுவலகம், சீனன்குடாக் களஞ்சியம், மூதூரிலும் குச்சவெளியிலும் இருக்கும் சிறு அலுவலகங்கள் என்று எல்லா இடத்திலிருந்தும் அழைப்பு. ஆட்கள் வேறு, சந்தேகம் ஒன்று. அவற்றை மேசை நாட்காட்டியின் பின்பக்கத்தில் குறித்து வந்தேன். தாள் நிரம்பிவிட்டதால் இங்கே எழுதுகிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பேச்சுமொழியை மட்டும் எழுத்துமொழியாக்கினேன்.

இரண்டாம் படி என்று நான் எழுதுவது பல்காரணி உறுதிப்படுத்தலை: கடவுச்சொல்லை அடித்த பிறகு, நுழைவது நீங்கள்தான் என்று இன்னொரு வழியிலும் காட்டுவது. அந்த முழுப்பெயரைச் சொன்னவுடன் ஆட்கள் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.

என் கடவுச்சொல் நீளமானது, யாருக்கும் சொன்னதில்லை. பிறகு எதற்கு இது?

சொல்லவில்லை என்பதை நம்புகிறேன். நீங்கள் சொல்லாமலே அது வெளியே போக வழிகள் உண்டு. அதே சொல்லை ஏதோ ஓர் இணையக் கடையிலும் கொடுத்திருப்பீர்கள். அந்தக் கடையின் தரவுத்தளம் களவு போனால் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் சோடியாக விற்பனைக்கு வந்துவிடும். வாங்குகிறவன் அந்தச் சோடியை அகப்பட்ட நுழைவுப் பக்கங்களில் எல்லாம் போட்டுப் பார்ப்பான். கையால் அல்ல, அதற்கென்று நிரல்கள் இருக்கின்றன.

2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தை முடக்கியவர்கள் வந்த வழி, வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழைய உதவும் ஒரு பழைய வி.பி.என். கணக்கு. யாரும் பயன்படுத்தாத கணக்கு. அதன் கடவுச்சொல் ஏற்கெனவே கசிந்த பட்டியல் ஒன்றில் இருந்தது. இரண்டாம் படி இல்லை. எரிபொருள் குழாய் நாட்கணக்கில் நிறுத்தப்பட்டது, நிரப்பு நிலையங்களில் வரிசை நீண்டது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நமக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கணக்குகள் மீதான தானியங்கித் தாக்குதல்களில் 99.9 சதவீதத்துக்கு மேல் இரண்டாம் படியால் தடுக்கப்படும் என்று மைக்ரோசொஃப்ட் 2019இல் எழுதியது. தானியங்கியாக அல்லாமல் மனிதனே குறிவைத்து வரும் தாக்குதல் வேறு கதை. கீழேயுள்ள கேள்விகளில் பாதி அதைப் பற்றியவை.

கடவுச்சொல்லுக்குப் பிறகு "உங்கள் முதல் பாடசாலை எது" என்று கேட்கும் பக்கங்கள் உண்டே. அதுவும் இரண்டு படிதானே?

இல்லை, ஒரே படியை இரண்டு தடவை ஏறுவது. கடவுச்சொல்லும் பாடசாலைப் பெயரும் இரண்டுமே உங்களுக்குத் தெரிந்த விடயங்கள். இரண்டாம் படி வேறு இனமாக இருக்க வேண்டும்: உங்களிடம் இருக்கும் ஒரு பொருள், அல்லது உங்கள் விரலோ முகமோ. வங்கி அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டை கையில் இருக்க வேண்டும், இரகசிய இலக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் களவெடுத்தவனால் பணம் எடுக்க முடியாது. பாடசாலையைப் பொறுத்தவரை, இந்த ஊரில் யார் எங்கே படித்தார் என்பது இரகசியமே இல்லை.

எப்படிப் பதிவு செய்வது? ஒருமுறை சொல்லித் தாருங்கள், போதும்.

அலுவலகக் கணினியில் உட்காருங்கள், கைபேசியைப் பக்கத்தில் வையுங்கள். கைபேசியின் உத்தியோகபூர்வச் செயலிக் கடையில் மைக்ரோசொஃப்ட் ஒதென்டிகேட்டர் என்று தேடி நிறுவுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் விளம்பரத்தோடு வரும் போலிச் செயலிகள் இருக்கின்றன. வெளியிட்டவர் பெயரைப் பார்த்த பிறகே நிறுவுங்கள். பின் கணினியில் உங்கள் கணக்கின் பாதுகாப்புத் தகவல் பக்கத்துக்குப் போய்ப் புதிய முறையைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தினால் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட கியூ.ஆர். படம் வரும். அதைச் செயலிக்கு உள்ளேயிருந்து ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியின் சாதாரண கமராவால் எடுத்துவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று வருகிறவர்களே அதிகம்.

இதோடு எழுந்து போய்விடாதீர்கள். அதே பக்கத்தில் இன்னொரு முறையையும் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது கைபேசியாகவோ, கீழே சொல்லப்போகும் பாதுகாப்புத் திறப்பாகவோ இருக்கலாம். இந்த இரண்டு நிமிடத்தைச் சேமித்தவர்கள்தான் பிறகு என் மேசை முன் அரை நாள் காத்திருக்கிறார்கள்.

எஸ்.எம்.எஸ். வந்தால் பார்த்து அடித்துவிடுவேன். அதுதான் எனக்குப் பழக்கம். செயலி எதற்கு?

ஒன்றுமே இல்லாததற்கு எஸ்.எம்.எஸ். எவ்வளவோ மேல். ஆனால் அதில் வரும் நுழைவு இலக்கம் உங்கள் கைபேசிக்கு வருவதில்லை, உங்கள் சிம்முக்கு வருகிறது. உங்கள் பெயரில் யாராவது மாற்றுச் சிம் எடுத்துவிட்டால் இலக்கம் அவர் கைக்குப் போய்விடும். உலகம் முழுவதும் நடக்கும் களவு இது. அமெரிக்காவின் நிஸ்ட் தர நிறுவனம் 2017இல் வெளியிட்ட அடையாள வழிகாட்டியில் எஸ்.எம்.எஸ். முறையைக் கட்டுப்பாட்டுடன் மட்டும் பயன்படுத்த வேண்டியதாக வகைப்படுத்தியது.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூதூருக்கு அப்பால் களப்பணிக்குப் போகும் ஒருவர், எஸ்.எம்.எஸ். வரும் வரை ஒரு வீட்டு மொட்டை மாடியில் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். செய்தி வந்தபோது இலக்கம் காலாவதியாகிவிட்டது.

அப்படியானால் சிக்னல் இல்லாத இடத்தில் செயலி மட்டும் எப்படி வேலை செய்யும்?

செயலியில் இரண்டு வகை உண்டு. "அனுமதிக்கவா?" என்று திரையில் தோன்றும் அறிவிப்புக்கு இணையம் வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கத்துக்கு எதுவும் வேண்டியதில்லை. ரீலோட் முடிந்திருந்தாலும், சிம்மையே கழற்றியிருந்தாலும் அது ஓடும்.

காரணம் எளிது. நீங்கள் ஸ்கேன் செய்த கியூ.ஆர். படத்துக்குள் ஒரு நீண்ட இரகசியம் இருந்தது. அதன் ஒரு பிரதி வழங்கியிடமும் (உங்களை உள்ளே விடும் மறுபக்கக் கணினி) மறு பிரதி உங்கள் கைபேசியிலும் இருக்கின்றன. 1970 சனவரி 1ஆம் திகதியிலிருந்து எத்தனை முப்பது வினாடிகள் கடந்தன என்று இரு தரப்பும் தனித்தனியே எண்ணி, அந்த எண்ணையும் இரகசியத்தையும் ஒரே சூத்திரத்தில் போட்டு, வரும் விடையிலிருந்து ஆறு இலக்கத்தைப் பெறுகின்றன. ஒருவரோடு ஒருவர் கதைக்காமலே இருவருக்கும் ஒரே விடை வருகிறது. 2011இல் ஆர்.எஃப்.சி. 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக இந்த முறை வெளியானது. இன்று கூகுளின் செயலியும் மைக்ரோசொஃப்ட்டின் செயலியும் பயன்படுத்துவது இதே சூத்திரம். இந்த இரகசியத்தை நினைவில் வைத்திருங்கள். கீழே மூன்று கேள்விகளில் மீண்டும் வரும்.

இலக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிக்கிறேன். தவறு, தவறு என்கிறது. என் கைபேசி பழுதா?

மணிக்கூட்டைப் பாருங்கள். கிண்ணியாவிலிருந்து வரும் எங்கள் லிகிதர் ஒருவருக்கு மூன்று நாள் இதே தொல்லை. செயலியை அழித்து மீண்டும் போட்டோம், கணக்கைப் புதிதாகப் பதிந்தோம், பலனில்லை. நாலாம் நாள் அவருடைய கைபேசியும் என்னுடையதும் மேசையில் பக்கத்துப் பக்கமாகக் கிடந்தன. என்னுடையதில் 9.02, அவருடையதில் 9.12. காலைப் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று பத்து நிமிடம் முன்னதாக வைத்திருக்கிறார். வைத்து இரண்டு வருடமாகிறது, மறந்தும் போய்விட்டார். அவருடைய செயலி இன்னும் பத்து நிமிடம் கழித்து வரவேண்டிய இலக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. வழங்கி வழக்கமாக ஒரு படி முன்பின் வரை பொறுத்துக்கொள்ளும், இருபது படியை அல்ல.

திகதி, நேரம் இரண்டையும் தானாக அமையும்படி விடுங்கள். நேர வலயமும் சரியாக இருக்கட்டும். இலக்கத்தைக் கணிப்பது உலகப் பொது நேரத்தில் நடப்பதால் வலயம் வேறாக இருப்பதால் மட்டும் பிழை வராது. ஆனால் வலயம் பிழையாக இருக்க, முள்ளை மட்டும் கையால் திருப்பி நம் ஊர் நேரத்துக்குக் கொண்டுவந்தால் உள்ளே ஓடும் பொது நேரம் பிசகிவிடும். பஸ்ஸுக்கு ஓர் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்தக் கைபேசியில் ஏன் அலுவலகச் செயலியைப் போட வேண்டும்? என் படங்களை நீங்கள் பார்ப்பீர்களா?

நியாயமான கேள்வி. கேட்பவர்களை முறைக்கும் அலுவலகங்கள் திருந்த வேண்டும். ஒதென்டிகேட்டர் செயலி வழியாக உங்கள் படங்களையோ செய்திகளையோ நாங்கள் பார்க்க முடியாது, கைபேசியை அழிக்கவும் முடியாது. கமரா அனுமதி கேட்பது கியூ.ஆர். படத்துக்காக. கைபேசியையே நிறுவனம் கட்டுப்படுத்தும் சாதன முகாமைத்துவம் என்று ஒன்று உண்டு. அது வேறு, அதற்குத் தனியாக உங்கள் சம்மதம் கேட்போம்.

விரலடையாளம் பற்றியும் கேட்கிறார்கள். செயலியைத் திறக்க நீங்கள் வைக்கும் விரல் உங்கள் கைபேசிக்குள்ளேயே சரிபார்க்கப்படுகிறது, எங்களுக்கு வருவதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரளவியல் தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. அதைச் சேர்த்து வைக்கும் ஆசை எங்களுக்கும் இல்லை. இவ்வளவு சொல்லியும் மனம் ஒப்பாவிட்டால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

என்னிடம் பொத்தான் கைபேசிதான். களஞ்சிய வளாகத்துக்குள் அதைக்கூட விடமாட்டார்கள். நான் என்ன செய்வது?

உங்களுக்குப் பாதுகாப்புத் திறப்பு. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய யூ.எஸ்.பி. துண்டு, வீட்டுத் திறப்புகளோடு கோர்த்துக்கொள்ளலாம். கணினியில் செருகி, அதன் இரகசிய இலக்கத்தை அடித்து, உலோகப் பகுதியைத் தொட்டால் உள்ளே போய்விடலாம். மின்கலம் இல்லை, சிக்னல் வேண்டாம், பார்த்து அடிக்க ஆறு இலக்கம் இல்லை. எரிபொருள் தாங்கிகளுக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்குக் கைபேசிக்குத் தடை, ஆகவே அவர்களுக்கு முதலிலேயே இதைத்தான் கொடுத்தோம். இரகசிய இலக்கத்தைத் தொடர்ந்து பிழையாக அடித்தால் திறப்பு பூட்டிக்கொள்ளும். எட்டுத் தடவைக்கு மேல் பொறுக்காது.

செயலியோடு ஒப்பிட்டால் இதில் அடிப்படையான வேறுபாடு ஒன்று இருக்கிறது. செயலியில் ஒரே இரகசியத்தின் இரு பிரதிகள் என்று சொன்னேன். திறப்பில் இரகசியம் ஒன்றுதான், அது திறப்பை விட்டு வெளியே வராது. வழங்கியிடம் இருப்பது அதைச் சரிபார்க்கும் பொதுப் பாதி மட்டும். வழங்கியைக் கொள்ளையடித்தவனுக்கும் பயன்படும் எதுவும் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு திறப்பு கொடுக்கிறோம். ஒன்று உங்களோடு, மற்றது வீட்டு அலுமாரியில். இரண்டையும் ஒரே வளையத்தில் கோர்த்து வந்த பெருமகன் யார் என்று நான் எழுதப்போவதில்லை.

இரவு 11 மணிக்குக் கைபேசி "அனுமதிக்கவா?" என்று கேட்டது. தூக்கக் கலக்கத்தில் ஆம் என்று அழுத்திவிட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. நீங்கள் நுழைய முயலாதபோது அந்தக் கேள்வி வந்தால், உங்கள் கடவுச்சொல் ஏற்கெனவே வேறொருவன் கையில் இருக்கிறது என்று பொருள். உடனே எனக்கு அழையுங்கள், நேரம் பார்க்க வேண்டாம். கடவுச்சொல்லை மாற்றி, திறந்திருக்கும் அமர்வுகள் (நுழைந்து வெளியேறாமல் இருக்கும் இணைப்புகள்) எல்லாவற்றையும் துண்டித்து, புதிதாக ஏதாவது கைபேசி உங்கள் கணக்கில் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்ப்போம். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறக்கிறார்கள். உள்ளே வந்தவன் செய்யும் முதல் வேலை தன் கைபேசியைப் பதிந்துகொள்வது.

2022 செப்டெம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் புகுந்தவன் இதே வழியில் வந்தான். ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு அனுமதிக் கேள்விகள் ஓயாமல் வந்தன. கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டார். இப்படிச் சலிக்கவைத்து வாங்கும் தந்திரம் பெருகியதால் மைக்ரோசொஃப்ட் 2023 மே மாதத்திலிருந்து நுழைவுத் திரையில் தோன்றும் இரண்டு இலக்கத்தைச் செயலியில் அடிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. திரை எதிரே இல்லாதவருக்கு இலக்கம் தெரியாது. ஆகவே "தொழில்நுட்பப் பிரிவிலிருந்து கதைக்கிறேன், 47 என்று அடியுங்கள்" என்று யாராவது சொன்னால் அவன்தான் திரைக்கு எதிரே இருக்கிறான்.

இரண்டாம் படி போட்டாயிற்று. இனி வரும் இணைப்புகளைப் பயமில்லாமல் அழுத்தலாமா?

அழுத்தக் கூடாது. இப்போதைய போலிப் பக்கங்கள் வெறும் பிரதிகள் அல்ல, நடுவில் நிற்கும் தரகர்கள். நீங்கள் போலிப் பக்கத்தில் அடிக்கும் கடவுச்சொல்லை அது அந்தக் கணமே உண்மைப் பக்கத்தில் அடிக்கிறது. உண்மைப் பக்கம் ஆறு இலக்கம் கேட்டால் உங்களிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கிறது. நீங்கள் உள்ளே போவீர்கள், உங்களோடு அவனும் போவான். நுழைந்ததற்கு அடையாளமாக உலாவிக்குக் கிடைக்கும் அமர்வுச் சீட்டை எடுத்துக்கொண்டால் அவனிடம் இரண்டாம் படி மறுபடி கேட்கப்படாது. மேலே சொன்ன இரண்டு இலக்க முறையையும் இந்தத் தரகன் தாண்டிவிடுவான், ஏனென்றால் அந்த இலக்கத்தையும் அவனே உங்களுக்குக் காட்டுகிறான்.

இங்கே தாக்குப்பிடிப்பவை பாதுகாப்புத் திறப்பும், கைபேசியிலோ கணினியிலோ வைத்துக்கொள்ளும் மின்னணுத் திறப்பான பாஸ்கீயும். அவை எந்தத் தள முகவரிக்காகப் பதியப்பட்டனவோ அதற்கு மட்டுமே பதில் சொல்லும். முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் உங்கள் கண் ஏமாறலாம், திறப்பு ஏமாறாது. 2022இன் நடுப்பகுதியில் ஒரே மாதிரியான போலி எஸ்.எம்.எஸ். தாக்குதல் டுவிலியோ, கிளவுட்ஃபிளேர் என்ற இரண்டு இணையச் சேவை நிறுவனங்களின் ஊழியர்களையும் தேடி வந்தது. இரண்டு இடத்திலும் ஊழியர்கள் ஏமாந்து கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள். டுவிலியோவுக்குள் புகுந்துவிட்டார்கள், எல்லாருக்கும் திறப்பு கொடுத்திருந்த கிளவுட்ஃபிளேருக்குள் புக முடியவில்லை. எங்கள் கணக்குப் பிரிவுக்கும் நிர்வாகிகளுக்கும் திறப்பு கட்டாயம் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

களஞ்சியத்தில் நாங்கள் நாலு பேர் முறைமாறி ஒரே கணக்கில் வேலை செய்கிறோம். யாருடைய கைபேசியில் போடுவது?

யாருடையதிலும் வேண்டாம். ஆளுக்கொரு கணக்கு தருகிறோம், பொது மின்னஞ்சல் பெட்டியை நாலு பேரும் தத்தம் கணக்கிலிருந்தே திறக்கலாம். பொதுக் கணக்கில் பிழையான விநியோகக் கட்டளை ஒன்று போனால் யார் போட்டது என்று தெரியாது; தெரியாதபோது பழி யார் தலையில் விழும் என்பது உங்களுக்கே தெரியும்.

கியூ.ஆர். படத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் நாலு பேரும் ஸ்கேன் செய்யலாமே?

செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். ஒருவர் அந்தப் படத்தை வட்ஸ்அப் குழுவில் போட்டார். இன்னொருவர் பென்டிரைவில் கொண்டுபோய் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பிரதிக் கடையில் அச்சடித்தார். அந்தக் கடைக் கணினியின் திரையில் நேற்று வந்தவரின் பிறப்புச் சான்றிதழ், முந்தாநாள் வந்தவரின் வங்கிக் கூற்று என்று எல்லாம் வரிசையாகக் கிடக்கும். சிக்னல் பற்றிய கேள்வியில் சொன்ன இரகசியம் அந்தப் படம்தான். படம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் உங்கள் இரண்டாம் படி இருக்கிறது. படம் எடுத்திருந்தால் அந்தப் பதிவை நீக்கிவிட்டு மீண்டும் பதியுங்கள்; படத்தை அழிப்பது மட்டும் போதாது.

புறாத்தீவுக்குப் போகும் வழியில் கைபேசி கடலில் விழுந்துவிட்டது. இனி எப்படி உள்ளே போவது?

இரண்டாவது முறையைப் பதிந்திருந்தால் அதில் நுழைந்து, பழைய கைபேசியை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரவே தேவையில்லை. கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் பத்து மாற்று இலக்கங்களை முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு மட்டும். தாளில் எழுதிப் பணப்பையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். மைக்ரோசொஃப்ட் அலுவலகக் கணக்கில் இந்த வசதி இல்லை. அங்கே நான் ஒரு தற்காலிக நுழைவுச் சீட்டு தருவேன், ஒரு மணி நேரம் செல்லும்.

புதிய சிம்மில் அதே எண்ணை வாங்கிவிட்டால் செயலியும் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. செயலியின் இரகசியம் சிம்மில் இல்லை, கைபேசியில் இருந்தது. கூகுளின் செயலி 2023 ஏப்ரலிலிருந்து இரகசியங்களைக் கூகுள் கணக்கில் சேமிக்கும் வசதி தருகிறது. வசதிதான், ஆனால் அந்தச் சொந்தக் கணக்கைக் களவு கொடுத்தால் அலுவலகத்தையும் சேர்த்துக் கொடுத்தவர் ஆவீர்கள். கைபேசியை விற்பவர்களுக்கும் ஒரு சொல்: முதலில் புதியதில் பதிந்து, பழையதை நீக்கிவிட்டு, அதன் பிறகு கடைக்குக் கொண்டுபோங்கள்.

பன்னிரண்டு வருடமாக இங்கே வேலை செய்கிறேன், என் குரலே உங்களுக்குத் தெரியும். தொலைபேசியில் சொன்னால் மாற்றித் தரக் கூடாதா, தம்பி?

கூடாது. அதிகம் திட்டு வாங்கித் தந்த பதில் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேலே செயலி, திறப்பு, இரண்டு இலக்கம் என்று எத்தனை பூட்டு சொன்னேனோ அத்தனையையும் ஒரே சொடுக்கில் கழற்றும் அதிகாரம் என் கையில் இருக்கிறது. களவெடுக்க வருபவன் உங்கள் பூட்டோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? எனக்கு ஒரு தொலைபேசி எடுத்து, நீங்கள் என்று சொல்லி, "கைபேசி தொலைந்துவிட்டது" என்று அழுதால் போதுமே. 2023 செப்டெம்பரில் அமெரிக்காவின் எம்.ஜி.எம். ஹோட்டல் குழுமம் முடங்கியபோது, தாக்கியவர்கள் ஊழியர்போல நடித்து உதவிமேசைக்கு அழைத்தே உள்ளே போனார்கள் என்று செய்திகள் வந்தன. உங்கள் ஊழியர் இலக்கம், மேலதிகாரி பெயர், மகளின் திருமணத் திகதி எல்லாவற்றையும் முகநூலில் எடுக்கலாம். குரலையும் இப்போது கணினியால் செய்துவிடுகிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அதிகாரி ஒருவர் அழைத்தார். கொழும்பில் கூட்டம், கைபேசி உடைந்துவிட்டது, பத்து நிமிடத்தில் அறிக்கையைத் திறக்க வேண்டும், வேறொருவர் கைபேசியிலிருந்து கதைக்கிறேன் என்றார். குரல் அவருடையதுதான், அவசரமும் அவருடையதுதான். தற்காலிகச் சீட்டுப் பக்கத்தை நான் திறந்தும் விட்டேன். பிறகு ஏதோ உறுத்த, "சேர், பதிவேட்டில் இருக்கும் உங்கள் வீட்டு எண்ணுக்கு அழைத்து உறுதி செய்துவிட்டுத் தருகிறேன்" என்றேன். வைத்துவிட்டார். வீட்டுக்கு அழைத்தால் மனைவி எடுத்து, "ஓம், அவர் கொழும்பில்தான், கைபேசி உடைந்ததுதான்" என்றார். அழைத்தவர் உண்மையில் அவரேதான். அறிக்கை தாமதமானது, இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்கு அவரே மீண்டும் அழைத்தாலும் அதையேதான் செய்வேன்.

ஆகவே நடைமுறை இது. நகரில் இருப்பவர் அடையாள அட்டையோடு நேரே வர வேண்டும். மூதூர், குச்சவெளி ஆட்களுக்கு அங்குள்ள பொறுப்பாளர் நேரில் பார்த்து, அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து எனக்கு உறுதி செய்ய வேண்டும். தொலைவில் இருப்பவரை, ஊழியர் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு நாங்கள் திருப்பி அழைப்போம். அழைப்பவர் தரும் புதிய எண்ணுக்கு அல்ல. ஒவ்வொரு மீளமைப்புக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் மேலதிகாரிக்கும் அறிவித்தல் போகும். நீங்கள் கேட்காமல் அப்படி ஒன்று வந்தால் ஓடி வாருங்கள்.

பணிப்பாளருக்கு இதெல்லாம் தொல்லை. அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் என்ன?

களவாளிக்கு வேண்டியவரே அவர்தான். 2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கெயார் நிறுவனத்தை முடக்கியவர்கள், இரண்டாம் படி போடப்படாமல் விடப்பட்ட ஒரே ஒரு தொலைநுழைவுத் தளத்தின் வழியே வந்தார்கள். எந்தக் கதவு விலக்கு பெற்றதோ அந்தக் கதவு.

விலக்குக்குப் பதில் தொல்லையைக் குறைக்கலாம். பணிப்பாளரின் மடிக்கணினியில் விரல் வைத்துத் திறக்கும் பாஸ்கீ போட்டுக்கொடுத்தோம். கடவுச்சொல்லும் அடிக்க வேண்டியதில்லை. இப்போது மற்றவர்களைவிட அவருக்கே வேலை குறைவு.

இரண்டாம் படி வந்த பிறகு ஸ்கேனர் இயந்திரம் மின்னஞ்சல் அனுப்புவது நின்றுவிட்டது. அதற்கும் கைபேசி வாங்க வேண்டுமா?

சிரித்துக்கொண்டே கேட்டார், ஆனால் கேள்வி கனமானது. பழைய இயந்திரங்களும் பழைய மின்னஞ்சல் மென்பொருள்களும் வெறும் கடவுச்சொல்லை மட்டும் அனுப்பும் பழைய முறையில் நுழைகின்றன. அந்த முறைக்கு இரண்டாம் படி கேட்கவே தெரியாது; ஆகவே அது திறந்திருக்கும் வரை களவாளியும் அதே வழியில் வரலாம். மைக்ரோசொஃப்ட் தன் மின்னஞ்சல் சேவையில் இதன் பெரும்பகுதியை 2022 ஒக்டோபரிலிருந்து மூடத் தொடங்கியது.

எங்கள் ஸ்கேனரில் யாரோ ஒரு ஊழியரின் சொந்தக் கணக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். அவர் ஓய்வுபெற்று நாளாகிவிட்டது. அதை மூடினோம். இயந்திரத்துக்கென்று தனிக் கணக்கு, அனுப்ப மட்டும் உரிமை, அலுவலக வலையமைப்பிலிருந்து மட்டும் நுழைவு என்று மாற்றினோம். இரண்டாம் படியைக் கட்டாயமாக்கும் முன் எந்தெந்தக் கணக்குகள் பழைய முறையில் நுழைகின்றன என்று நுழைவுப் பதிவேட்டைப் பாருங்கள். நான் பின்னால் பார்த்தேன், அதனால் சம்பளப் பட்டியல் ஒரு நாள் தாமதமானது.

ஒருநாள் நிர்வாகிகளான நீங்களே வெளியே பூட்டிக்கொண்டால்?

அதற்காக இரண்டு அவசரக் கணக்குகள் வைத்திருக்கிறோம். யாருடைய பெயரிலும் இல்லாதவை, யாருடைய கைபேசியையும் சாராதவை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதுகாப்புத் திறப்பு. ஒரு திறப்பு முத்திரையிட்ட உறையில் இங்குள்ள பெட்டகத்தில். மற்றது கொழும்புக் கிளையில். மார்கழி மழையில் வெள்ளம் ஏறினால் இரண்டும் ஒரே அறையில் நனைந்து கிடக்கக் கூடாது. அந்தக் கணக்குகளில் யார் நுழைந்தாலும் மூன்று பேருக்கு உடனே அறிவித்தல் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறையைப் பிரித்து நுழைந்து பார்த்து மீண்டும் ஒட்டுகிறோம். முதல் தடவை பிரித்தபோது திறப்பு இருந்தது, அதன் இரகசிய இலக்கத்தை எழுதி வைத்த தாள் இல்லை.

வேலையை விட்டுப் போகிறேன். செயலியை அழித்துவிட்டால் போதுமா?

உங்கள் பக்கத்தில் போதும், ஆனால் கடைசி நாளுக்கு முன் அழித்துவிடாதீர்கள். கடைசிச் சம்பளத் துண்டை எடுக்கக் கணக்கு வேண்டும். எங்கள் பக்கத்தில் கணக்கை முடக்கி, திறந்திருக்கும் அமர்வுகளைத் துண்டித்து, பதிவான முறைகளை நீக்குவோம். பாதுகாப்புத் திறப்பு இரண்டையும் கையெழுத்து வைத்துத் திருப்பித் தாருங்கள். வளையத்தில் கோர்த்திருக்கும் வீட்டுத் திறப்பை மட்டும் கழற்றிக்கொண்டு தாருங்கள். என் இழுப்பறையில் யாருடையதென்று தெரியாத மூன்று ஏற்கெனவே கிடக்கின்றன.